வைக்கோல் மூட்டையில் போன பாலன்

பாத்திமா மேரி அக்காவை யாராவது ‘அன்பே உருவானவர்’ என்று சொன்னால், எங்கள் தெருவில் ஒருவருக்கும் அது யாரென்று விளங்காது. அக்கா கடலூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வக்கீல்கள் நீதிபதியிடம்கூட வாதாடிப் பார்ப்பார்கள், அக்காவிடம் மாட்டார்கள். “ரெண்டு பக்கமும் வேணும்னு மொதல்லயே வாயத் தொறந்து சொன்னா முத்து உதுந்துடுமா?” என்று ஒரு சீனியர் வக்கீலையே கேட்டவர். அந்த வக்கீல் மறுநாளும் அங்கேதான் வந்து நின்றார். மற்ற கடைகளில் மெஷின் பாதி நாள் வேலை செய்யாது.

நான் அருள் பிரகாஷ். அக்காவின் பக்கத்து வீடு. எங்கள் அன்பியத்தின் செயலாளர் என்ற பதவியும் என் தலையில் இருக்கிறது. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்த்து ஒரு குழுவாக்கி, அதற்கு அன்பியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் எங்கள் கூட்டம் ஒன்றுக்காவது வந்திருந்தால் வேறு பெயர் யோசித்திருப்பார். செயலாளராக யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்துத் தலை அரித்தது. கையைத் தூக்கிவிட்டேன் என்று எழுதிக்கொண்டார்கள். தலைவி பாத்திமா மேரி அக்கா. அந்தப் பதவிக்கு வேறு யாரும் நிற்கத் துணியவில்லை.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், கிறிஸ்துமஸ் என்றால் குடில் போட்டி. ஒவ்வொரு அன்பியமும் கோயில் வளாகத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை கட்டி, அதில் மாதா, சூசையப்பர், இடையர், ஆடு, மாடு எல்லாம் வைக்க வேண்டும். பெருநாள் காலைப் பூசை முடிந்ததும் நடுவர்கள் வந்து பார்த்து முதல் பரிசுக்கு ஒரு கேடயம் கொடுப்பார்கள். சமாதானத்தின் அரசர் பிறந்ததை முன்னிட்டு நாங்கள் வருஷா வருஷம் அடித்துக்கொள்வோம். போன வருஷம் முடிவு சொன்ன பிறகு நடந்த தள்ளுமுள்ளில் ஒரு இடையரின் கை முறிந்தது. சுரூபத்தின், அதாவது சிலையின் கைதான், ஆனால் எங்கள் பங்கின் பாதிரியாரான பங்குச்சாமிக்கு மனசு விட்டுப்போனது.

ஆகவே இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு பிரசங்கத்தில், “கடவுளோட அன்பை மத்தவங்க மேல பிரதிபலிக்கிற காலம் இது” என்று ஆரம்பித்து, இதுதான் கடைசிப் போட்டி, அடுத்த வருஷத்திலிருந்து பங்குக்கு ஒரே குடில் என்று முடித்தார். அன்பைப் பற்றிச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கடைசிப் போட்டி என்பது எல்லோர் காதிலும் ஏறியது.

அக்கா இதுவரை ஒரு தடவைகூடக் கேடயம் வாங்கியதில்லை. எப்போதும் அடுத்த தெரு அன்பியம்தான் வாங்கும். அதன் தலைவி ஆரோக்கிய ஜெனிபர், சிதம்பரத்தில் இன்ஜினியரிங் சொல்லிக்கொடுக்கிறவர். அவருடைய குடிலில் அருவி கொட்டும், புகை வரும், ஒரு வருஷம் ஒட்டகம் தலையாட்டியது. பெத்லகேமில் அவ்வளவு கரண்ட் இருந்ததா என்று அக்கா நடுவர்களைக் கேட்டார். அந்த வருஷம் எங்களுக்கு ஆறுதல் பரிசும் போனது.

எங்கள் குடிலின் பலம் வைக்கோல். அக்கா பிறந்தது குமராட்சிப் பக்கம். கடலூரில் கிடைக்கிற வைக்கோலை அவர் வைக்கோல் என்றே ஒத்துக்கொள்வதில்லை. டிசம்பர் பிறந்ததும் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு சிதம்பரம் போய், அங்கிருந்து மினிபஸ்ஸில் குமராட்சி போய், தம்பி வீட்டுப் போரிலிருந்து வைக்கோல் உருவி, மூட்டை கட்டி, பின்னிய கீற்றும் எடுத்துக்கொண்டு திரும்புவோம். இந்த வருஷம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் மூட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“வைக்கோலெல்லாம் ஏத்தக் கூடாதும்மா.”

“இது மாட்டுக்கு இல்லங்க, ஏசுநாதருக்கு.”

“அப்ப அவருக்கும் சேத்து டிக்கெட் எடுங்க.”

“பொறந்த புள்ளைக்கு எந்த பஸ்ல டிக்கெட் கேக்குறாங்க? எங்க, போர்டக் காட்டுங்க பாப்போம்.”

கண்டக்டர் விசிலை ஊதினார்.

அந்தப் பயணத்தில், கொள்ளிடத்துக் காற்றின் ஈரம் இன்னும் சட்டையில் இருக்கும்போதே, அக்கா ஒன்று சொன்னார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயம், பாட்டு, கோலம் எதுலயும் என் பேரக் கூப்புட்டதில்ல தம்பி. ஒரே ஒரு தடவ, மைக்குல பாத்திமா மேரின்னு கூப்புடணும். எல்லாரும் கை தட்டணும். அவ்ளோதான்.” அந்தக் கேடயம் அக்காவுக்குக் கிடைக்க வேண்டும் என்று அன்றைக்கு நானும் ஆசைப்பட்டேன்.

குடில் பிரமாதமாக வந்தது. மூங்கில் சட்டம், மேலே பின்னிய கீற்று, மழைக்குப் பயந்து அதற்கு மேல் புதுத் தார்ப்பாய். குழந்தை இயேசுவின் சுரூபம் மட்டும் வெளியில் இல்லை. பெருநாள் பூசைக்கு முன்னால் பாலனைத் தொட்டிலில் வைக்கக் கூடாது என்பது முறை. ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்காரி அவசரப்பட்டு முன்கூட்டியே வைத்துவிட்டாள். “ஒன்பதாவது மாசமே பெத்தெடுத்துட்டியா?” என்று அக்கா ஊருக்கே கேட்கும்படி திட்டினார். அன்றிலிருந்து பாலனைத் துணியில் சுற்றி, மீதி வைக்கோல் மூட்டைக்குள் புதைத்து, அக்காவே குடிலுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்.

இந்த இடத்தில் ராணியம்மாளைச் சொல்லியாக வேண்டும். தேவனாம்பட்டினம் பக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் காலையில் எங்கள் தெருவுக்கு மீன் கூடையோடு வருகிறவர். அவரும் அக்காவும் போடுகிற சண்டையில்தான் தெரு விழிக்கும். “இது போன வாரம் செத்த மீனு” என்பார் அக்கா. “உன் மூக்கு போன வருஷமே செத்துப்போச்சு” என்பார் ராணியம்மாள். கடைசியில் மீன் கைமாறும். இருவருக்கும் அது இல்லாமல் பொழுது விடியாது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கடற்காற்று வேறு. இரண்டு நாளாக ராணியம்மாள் வரவில்லை. “பெருநா நேரத்துல என்னை இப்படி மீனில்லாம வுட்டுட்டாளே, போய் நாலு வார்த்த கேக்குறேன்” என்று அக்கா என் ஸ்கூட்டியின் பின்னால் குடையோடு ஏறினார். எனக்கு வேலை இருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

குப்பத்தில் ராணியம்மாள் வீட்டுக்குக் கூரை இல்லை. பாதிக் கீற்றைக் காற்று பிய்த்துக்கொண்டு போயிருந்தது. மகன் கதிர்வேல் மேலே ஏறி நின்று, கிழிந்த வலையைப் போட்டு எதையோ கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே கட்டிலில் மருமகள் வெண்மதி, தலையில் ஒரு உரச்சாக்கு. மடியில் பிறந்து சில நாளே ஆன ஆண் குழந்தை. ராணியம்மாள் மீன் கூடையைக் கவிழ்த்து, குழந்தைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கூடை மேல் சொட்டுகிற சத்தம் வாசல் வரை கேட்டது.

அக்கா கேட்க வந்த நாலு வார்த்தை மாறிப்போனது.

“பச்ச ஒடம்புக்காரிய இப்படி நனைய வச்சிருக்கியே, உனக்கு வாயி மட்டும்தானா?”

“வாயால கூர வேய முடிஞ்சா உன்னக் கூப்புட்டிருப்பேனே.”

“எங்க வூட்டுக்குக் கெளம்பு. எல்லாரும்.”

“முப்பது நாளு கழியாம புள்ளயத் தூக்கிக்கினு வாசப்படி தாண்ட மாட்டோம். இங்க அக்கம்பக்கத்துலயும் இதே கதிதான். தார்ப்பாய் வாங்கலாம்னு பையன் டவுனெல்லாம் சுத்திட்டு வந்துட்டான். ஒரு கடையிலயும் இல்ல.”

குழந்தை இருமியது. அவ்வளவு சின்ன உடம்புக்கு அந்த இருமல் ஜாஸ்தி. அக்கா என்னைப் பார்த்தார். கடலூரில் புதுத் தார்ப்பாய் எங்கே இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கோயில் வளாகத்தில் நான் கெஞ்சிப் பார்த்தேன். “அக்கா, இன்னும் ரெண்டு நாள்ல ஜட்ஜுங்க வர்றாங்க. இதுதான் கடைசிப் போட்டி. ஷீல்டு நமக்குத்தான்னு எல்லாரும் சொல்றாங்க.”

அக்கா அதற்குள் மூங்கில் மேல் காலை வைத்திருந்தார். “அந்தக் குடும்பம் ரெண்டாயிரம் வருஷமா கூர இல்லாம சமாளிக்குது. இன்னும் ரெண்டு நாள் தாங்கும். கயித்த அவுறு.”

தார்ப்பாய் இறங்கியது. கீற்று இறங்கியது. சூசையப்பர் தலையில் மழை விழுந்தது. அக்கா அவ்வளவையும் ஷேர் ஆட்டோவில் திணித்துக்கொண்டே என்னைத் திட்டினார், மழையைத் திட்டினார், மழைக்காலத்தில் பிள்ளை பெறுகிறவர்களைத் திட்டினார். “தரையெல்லாம் சொதசொதன்னு கெடக்குது, அடியில பரப்பட்டும்” என்று குடிலுக்குப் பின்னால் இருந்த வைக்கோல் மூட்டையையும் தூக்கி உள்ளே எறிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. மழைத்தண்ணீர் என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் மழைத்தண்ணீருக்கு யாரும் மூக்கை உறிஞ்சுவதில்லை.

இருபத்துநான்காம் தேதி மத்தியானம். சாயங்காலம் ஒவ்வொரு அன்பியமும் தன் பாலனைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிக்கக் கொடுக்க வேண்டும். அக்கா குடிலின் பின்பக்கம் போனவர், அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, மூட்ட.”

“எந்த மூட்டக்கா?”

“ஐயோ, ஆண்டவர வைக்கோலோட ஆட்டோல ஏத்திட்டேன்டா!”

மீண்டும் ஸ்கூட்டி. மீண்டும் குப்பம். வழியெல்லாம் அக்கா ஜெபமாலை சொன்னார். நடுநடுவே குறுக்கே வந்த இரண்டு பைக்குக்காரர்களையும் ஒரு மாட்டையும் திட்டினார். திட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடர்ந்தார்.

ராணியம்மாள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். எங்கள் தார்ப்பாய் மேலே விறைப்பாக நின்றது. உள்ளே தரை காய்ந்திருந்தது. குமராட்சி வைக்கோலின் மேல் பாய், பாய் மேல் வெண்மதியின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பழைய சேலைத் துணியில், எங்கள் பாலன் இயேசு. நெற்றியில் குங்குமம். கன்னத்தில் பெரிய கண் மைப் பொட்டு. தலைமாட்டில் ஊதுபத்தி. யாரோ அவருக்கு இடுப்பில் கறுப்புக் கயிறும் கட்டிவிட்டிருந்தார்கள்.

ராணியம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவில் ஒருநாளும் கேட்காத குரலில் பேசினார். “மூட்டையப் பிரிச்சா உள்ளாற சிரிச்சிக்கினு கெடக்குறாரு. கூர குடுத்தது பத்தாதுன்னு தொணைக்கு உங்க சாமியவே அனுப்பிட்டியே மேரி. நேத்து ராத்திரியே புள்ளைக்கு இருமல் நின்னுபோச்சு.”

காய்ந்த இடத்தில் படுத்தால் இருமல் நிற்கத்தான் செய்யும். அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார். தவறிப்போய் வந்த பொருள், திருப்பி வாங்கிப்போக வந்திருக்கிறோம் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அக்கா பாலனின் துணியைச் சரிசெய்தார். பிறகு சொன்னார்:

“நாளைக்கு அவருக்குப் பொறந்த நாளு. கோயிலுக்குக் கூட்டிக்கினு போய்ட்டு, நாளைக்கே கொண்டாந்து வுட்டுடறேன்.”

“அதுக்கென்ன, போய்ட்டு வரட்டும். ஆனா மையி அழியாம பாத்துக்க. நாலு பேரு பாக்குற எடம்.”

திரும்பும்போது நான் செயலாளராகப் பேசினேன். “அக்கா, சுரூபம் அன்பியத்துப் பொருள். வெளிய குடுக்கணும்னா கூட்டம் போட்டு முடிவு பண்ணணும்.”

“அவரு என்ன உன் ஆபீஸ் நாற்காலியா, நம்பர் போட்டு வைக்க?” என்றார் அக்கா. கூட்டம் அத்தோடு முடிந்தது.

சாயங்காலம் பங்குச்சாமி தண்ணீர் தெளிக்கும்போது மைப் பொட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அடுத்த சுரூபத்துக்குப் போய்விட்டார். எங்கள் பங்கில் நெடுநாள் இருக்கிறவர், எதைக் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

பெருநாள் காலையில் வானம் வெளுத்திருந்தது. பூசை முடிந்ததும் நடுவர்கள் வந்தார்கள். சிதம்பரம் பக்கத்திலிருந்து அழைத்து வந்த ஒரு சாமியார்தான் தலைமை. ஜெனிபரின் குடிலில் இந்த வருஷம் அருவியோடு வானவில்லும் இருந்தது. எங்கள் குடிலில் மொட்டை மூங்கில் சட்டம் இருந்தது. கீழே கொஞ்சம் வைக்கோல், நனைந்து சாயம்போன ஆடுகள், கன்னத்தில் மையோடு பாலன். எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

சாமியார் குடிலுக்கு முன்னால் நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“கூரையே வைக்கல! எவ்வளவு ஆழமான சிந்தனை. இறைமகனுக்குத் தலை சாய்க்க இடமில்லைங்கிறதை, ஒரு அலங்காரமும் இல்லாம சொல்லிட்டீங்க. இதுதாங்க குடில்!”

பக்கத்திலிருந்த இன்னொரு நடுவரான சிஸ்டரும் ஆமாம் என்றார். எங்கள் அன்பியத்து ஆட்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். ஜெனிபர் முகத்தில் வானவில் அணைந்தது. அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். மைக்கில் தன் பெயர் வருவது அவர் காதில் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அப்போதுதான் சாமியார் குனிந்தார். “அடடா, கன்னத்துல அழுக்கு” என்று கைக்குட்டையை எடுத்து, எச்சிலில் லேசாக நனைத்து, பாலன் கன்னத்தை அழுத்தித் துடைத்தார்.

“கைய எடுங்க சாமி!”

வளாகமே திரும்பிப் பார்த்தது. அக்கா சாமியாரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

“அழுக்கு இல்ல, மையி. ஒருத்தி ஆசையா வச்சது. அழியாம கொண்டாறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

சாமியார் கையை விடுவித்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. “குழந்தை இயேசுவுக்குக் கண் திருஷ்டியாம்மா? ஞானோபதேச வகுப்புல இதெல்லாமா சொல்லிக்குடுத்தாங்க?”

அந்த இடத்தில் ‘மன்னிச்சுக்குங்க சாமி’ என்று சொல்லியிருந்தால் கேடயம் வீட்டுக்கு வந்திருக்கும். எனக்கு அது தெரியும், அக்காவுக்கும் தெரியும். நான் பின்னாலிருந்து புடவையை இழுத்துக்கூடப் பார்த்தேன்.

“ஏன் சாமி, புள்ளயக் கொல்லத் தேடுன ஏரோதுராசா கண்ணு பட்டுத்தான ராவோட ராவா எகிப்துக்கு ஓடுனாங்க? அன்னிக்கே ஒரு பொட்டு வச்சிருந்தா அவ்ளோ தூரம் கழுதையில அலைஞ்சிருக்க வேணாமே!”

கூட்டம் சிரித்தது. பங்குச்சாமி திரும்பி நின்று தூணைப் பார்த்தார், தோள் மட்டும் குலுங்கியது. சிதம்பரம் சாமியார் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மைக்கில் பெயர் வந்தது. ஆரோக்கிய ஜெனிபர். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினார். தட்டிவிட்டு, தொட்டிலிலிருந்து பாலனை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு, “ஸ்கூட்டிய எடு” என்றார்.

குப்பத்தில் ராணியம்மாள் துண்டைப் பிரித்ததும் முதலில் கன்னத்தைத்தான் பார்த்தார். மை இழுவிக் காது வரை போயிருந்தது.

“யாரு தொடச்சது?”

“எங்க சாமியாரு ஒருத்தரு.”

“அவருக்கென்னா தெரியும், புள்ள பெத்தாரா, குட்டி பெத்தாரா? நீ என்னா பண்ணிக்கினு இருந்த? சொல்லித்தான அனுப்பிச்சேன்?”

பாத்திமா மேரி அக்கா திட்டு வாங்கிக்கொண்டு சும்மா நிற்பதை நான் முதல்முதலாகப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. கூரையைக் கழற்றியது, கேடயம், மைக், மணிக்கட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுரூபம் தவறிப்போய் வந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

ராணியம்மாள் மேலே தார்ப்பாயைப் பார்த்தார். “இதுக்காகவா போச்சு?”

“கூரையால போகல. வாயால போச்சு” என்றார் அக்கா.

ராணியம்மாள் கண் மைக் கிண்ணத்தை எடுத்துவந்தார். ஈரத்துணியால் பாலன் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, கன்னத்தில் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். பாயில் கிடந்த பேரனுக்கு ஒன்று வைத்தார். விரலில் மிச்சம் இருந்தது. அதை அக்காவின் கன்னத்தில் அழுத்தி வைத்தார்.

“இன்னிக்கி எல்லார் கண்ணும் உன் மேலதான்டி” என்றார்.

பாலனை மழைக்காலம் முடிகிற வரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். செயலாளருக்கு ஆட்சேபணை இல்லை. திரும்புகிற வழியில் கோயில் வாசலில் ஜெனிபர் கேடயத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார், பாதிப் பங்கும் அங்கேதான் நின்றது. நான் ஸ்கூட்டியை மெதுவாக்கினேன்.

“அக்கா, கன்னத்துல மையி இருக்குது. எல்லாரும் பாக்குறாங்க.”

“தெரியும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”